ஈஸ்டர் கழியட்டும்

மயிலாள் ஒரு முறை சரி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேச வேண்டியதில்லை. திருப்பூரில் அவள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் இது எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமைக்குள் செக்கிங் முடிந்துவிடும் என்று அவள் சொன்னால், முதலாளி பிரபாகர் பெட்டி போடும் ஆட்களுக்கு அப்போதே தகவல் அனுப்பிவிடுவார். சபையிலும் அப்படித்தான். கோயிலைக் கூட்டும் முறை தன்னுடையது என்று ஒப்புக்கொண்ட வாரத்தில் காய்ச்சலோடு வந்து கூட்டிவிட்டுப் போய்ப் படுத்தாள். இந்தக் குணத்தை எல்லோரும் மெச்சினார்கள். நம்முடைய நல்ல குணம் ஊர் முழுக்கத் தெரிந்திருப்பது நமக்கு அத்தனை நல்லதல்ல என்று அவளுக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

குன்னத்தூர்ப் பக்கம் கல்லாங்காட்டுப்புதூர் அவளுக்குச் சொந்த ஊர். ஞானஸ்நானத்தில் லேயாள் என்று பெயர் வைத்தார்கள். ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. புருஷன் கன்னையன் கிணறு வெட்டப் போன இடத்தில் வெடியில் சிக்கிச் செத்தான். கையில் ஒரே மகள், அன்புசெல்வி. பிள்ளையை மிஷன் விடுதியில் சேர்த்துவிட்டு மயிலாள் திருப்பூருக்கு வண்டி ஏறினாள். துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்து ஒதுக்குவது வேலை. நாளெல்லாம் நின்றுகொண்டே பார்க்க வேண்டும். பிள்ளை விடுதிப் போதகர் கையில் பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பில் கால்வலி அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அந்தப் போதகரின் பெயர் தயாபரன். சபையில் போதகரை ஐயர் என்பது வழக்கம், அதனால் தயாபரன் ஐயர் என்பார்கள். விடுதிக்குப் பொறுப்பாளர், நல்ல குரல் வளம், பாட்டை எடுத்தால் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அன்புசெல்வி பத்தாவது பரீட்சை எழுதிய கையோடு விடுதியை விட்டு வந்தாள். மேலே படிக்க மாட்டேன் என்றாள். சர்டிபிகேட் வாங்கக்கூட அந்தப் பக்கம் போகவில்லை. கோயிலுக்கும் வரவில்லை. பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கக் கற்றுக்கொண்டாள். அம்மா வேலை பார்த்த கம்பெனியிலேயே டெய்லர் ஆனாள். மகளுக்குக் கொஞ்சம் திமிர் என்று மயிலாள் நினைத்துக்கொண்டாள்.

2006 ஜனவரியில் ஒரு காலை, கம்பெனிச் சுவரில் எழுப்புதல் கூட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நடுவில் தயாபரன் ஐயரின் படம். வரும் ஜூன் முதல் மிஷனின் எல்லா விடுதிகளுக்கும் அவர்தான் மேற்பார்வை என்று கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அன்புசெல்வி அதைப் படித்துவிட்டு உள்ளே போகாமல் அப்படியே வீட்டுக்குத் திரும்பினாள். சாப்பாட்டு வேளைக்குத் தேடிக்கொண்டு வந்த அம்மாவிடம், சுவரைப் பார்த்தபடி சொன்னாள். ஜெபம் பண்ண வா என்று தன் அறைக்குக் கூப்பிட்டு அந்த ஆள் தனக்குச் செய்ததை, விடுதியில் இருந்த காலமெல்லாம் செய்ததை, அழாமல் சொன்னாள்.

"ஏங் கண்ணு அப்பவே சொல்லுல?" என்று மயிலாள் கேட்டாள்.

"லீவு முடிஞ்சு போகமாட்டேன்னு கதவப் புடிச்சுட்டு நின்னேனே, அதாம்மா சொன்னது."

மயிலாளுக்கு அந்தக் கதவு நினைவிருந்தது. மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்ததும் நினைவிருந்தது. அடுப்பில் வைத்திருந்த சோறு கருகி வீடெல்லாம் நாறியது. இரண்டு பேரும் எழுந்து போய் இறக்கி வைக்கவில்லை.

மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு தடவை பேச வந்திருந்த சாரதாமணி என்ற வக்கீலம்மாவைத் தேடிப் போனார்கள். அவள் பொறுமையாகக் கேட்டாள். போலீசுக்குப் போகலாமா என்றதும் அன்புசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்டேஷனில் நின்று நாலு ஆண்களுக்கு நடுவே அதைச் சொல்ல இப்போது தெம்பில்லை என்றாள்.

"செரி கண்ணு, அதுக்குக் கதவு சாத்திக்காது. தெம்பு வாரப்பப் போலாம்," என்றாள் சாரதாமணி. "ஆனா சிவில் கோர்ட்டுன்னு ஒண்ணு இருக்குதுங்க. போலீஸ் கேஸ நடத்தறது சர்க்காரு. சிவில்ல கேக்கறது நீ. உனக்கு நடந்த கெடுதிக்கு நஷ்டஈடு கேக்கலாம். அந்தாளு மட்டுமில்ல, அவன அங்க வச்சிருந்த மிஷனும் பதில் சொல்லியாகோணும். முன்னாடியே யாராச்சும் புகார் சொல்லி மூடி மறைச்சாங்களான்னு அவிய காகிதத்தக் கோர்ட்டுக்குக் கொண்டாரச் சொல்லலாம். இனி ஒரு விடுதிப் பக்கமும் அவன் போகக்கூடாதுன்னு தடை கேக்கலாம்."

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் அன்புசெல்வி நிமிர்ந்து பார்த்தாள். "அது போதுங்க்கா," என்றாள். "மத்ததெல்லாம் எனக்கு வேண்டாம்."

"எல்லாத்தையும் சேத்துக் கேட்டாத்தான் வழக்கு நிக்கும். கட்டணம் கட்ட முடியலீன்னா ஏழைன்னு மனுப் போட்டே வழக்குத் தொடுக்கலாம். கதவச் சாத்திட்டு விசாரிக்கச் சொல்லியும் கேக்கலாம். ஆனா நேரந்தான். மைனரா இருந்தப்ப நடந்ததுக்கு, பதினெட்டு முடிஞ்சதுல இருந்து மூணே வருஷம். அதுலயும் ஒரு வருஷந்தான்னு எதுத்தரப்பு மல்லுக்கு நிக்கும். மூணுன்னு நான் வாதாடிக்கறேன். இருபத்தொண்ணு தாண்டிருச்சுன்னா மட்டும் என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க. புள்ள எப்பப் பொறந்தது?"

"ஆடிப் பதினெட்டுங்க," என்று மயிலாள் முந்திக்கொண்டு சொன்னாள். "ஆத்துக்குப் போற சனம் ரோட்டுல பாடீட்டுப் போவுது, இங்க எனக்கு வலி எடுத்திருச்சு."

அன்புசெல்வி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பெற்றவளுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டாள். பிறந்த தேதி போட்ட பள்ளிச் சர்டிபிகேட் விடுதியிலேயே இருக்கிறது என்றதும் வக்கீலம்மாவுக்கு முகம் சுருங்கியது. கடிதம் எழுதிக் கேட்கிறேன், ஆடி வரை காத்திருக்க வேண்டாம், சீக்கிரமே போட்டுவிடுவோம் என்று சொல்லி அனுப்பினாள்.

வக்கீலம்மாவின் கடிதம் மிஷனுக்குப் போய்ச் சேர்ந்தது. சர்டிபிகேட் வரவில்லை. அதற்குப் பதிலாகப் பிரபாகர் வந்தார்.

பிரபாகர் முதலாளி மட்டுமல்ல, சபைக் கமிட்டிக்குச் செயலரும் அவர்தான். நோன்பு தொடங்கும் சாம்பல் புதன் ஆராதனை முடிந்ததும் மயிலாளை நிறுத்திக்கொண்டார். கமிட்டிக்காரர்கள் இன்னும் இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதட்டுவார், மிரட்டுவார் என்று மயிலாள் பயந்துகொண்டிருந்தாள். அவரோ அவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

"மயிலக்கா, நடந்தது எங்க காதுக்கும் வந்துச்சுங்க. மனசு ஆறுல. தப்புப் பண்ணுனவிய ஆரா இருந்தாலும் மிஷன் உடாதுங்க. ஆனா இது லெந்து காலம். நோன்பு நாள்ல சபை சனம் கோர்ட்டுப் படி ஏறுனா நல்லாவாங்க இருக்கும்? ஈஸ்டர் கழியட்டும். கழிஞ்ச மக்யா நாளே தலைமை ஐயர் முன்னால உக்காந்து பேசிருவோம். உங்க மனசுப்படி முடியலீன்னா, நானே உங்களக் கோர்ட்டுக்குக் கூட்டீட்டுப் போறேனுங்க."

மயிலாளுக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது நாளும் கவிச்சி தொடாமல், கலியாணம் காட்சி பேசாமல், யாரோடும் சண்டை சச்சரவு வைக்காமல் இருப்பது அவள் பாட்டன் காலத்துப் பழக்கம். அதை இந்த மனுஷன் மதித்துப் பேசுகிறாரே என்று நெகிழ்ந்துபோனாள். அந்த நெகிழ்ச்சியில்தான் வாயை விட்டாள்.

"அதுக்கென்னுங்க, இருபத்தொண்ணு முடியறதுக்குள்ள போட்டாப் போதுமாமா. ஆடி வரைக்கும் நேரம் இருக்குதுங்க."

பிரபாகர் பக்கத்தில் நின்ற கமிட்டிக்காரரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மிக மெதுவாக, "ஆடி வரைக்குங்களா? அப்ப என்னுங்க அவசரம்?" என்றார். பீடத்தின் முன்னால் வந்து ஒரு வார்த்தை கொடுக்கச் சொன்னார். மயிலாள் பீடத்தின் முன் நின்று, ஈஸ்டர் கழியும் வரை கோர்ட்டுக்குப் போவதில்லை என்று வாக்குக் கொடுத்தாள்.

வக்கீலம்மாவுக்குக் கோபம் வந்தது. வழக்கை எழுதித் தயாராக வைத்திருப்பதாகவும், மனசு மாறினால் உடனே வரும்படியும் சொன்னாள். அன்புசெல்வி அம்மா பக்கம் திரும்பினாள். "நீ எப்பச் சொல்றயோ அப்பப் போலாம்," என்றாள்.

அதற்குப் பிறகு எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். செக்கிங் டேபிளில் மயிலாளுக்கு மட்டும் நாற்காலி வந்தது. காற்றாடிக்கு நேர் கீழே இடம் மாற்றிக் கொடுத்தார்கள். வேலைக்கு வராத மகளை ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எழுப்புதல் கூட்டத்தில் தயாபரன் ஐயர் ஒலிபெருக்கியில், மனம் நொந்திருக்கும் ஒரு விதவைத் தாய்க்காக உருகி உருகி ஜெபித்தார். அந்தக் குரல் ஓட்டுச் சந்து வழியாக வீட்டுக்குள் வந்தது. அன்புசெல்வி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். மயிலாள் கதவைச் சாத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள். குரலை என்ன செய்வதென்று தெரியவில்லை. இத்தனை பேர் இத்தனை அன்பாக இருக்கிறார்களே, அப்புறமும் எதற்கு இந்தச் சந்தேகம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை. நாளைக்கு லீவு எடுத்துக்குங்க, சம்பளம் பிடிக்க மாட்டோம், சபையின் பெண்கள் ஐக்கியத்தார் வீட்டுக்கு ஜெபிக்க வருகிறார்கள் என்று முந்தின நாளே பிரபாகர் சொல்லியிருந்தார். மதியம் அவர் மனைவி விஜயகுமாரி நாலைந்து பெண்களோடு வந்தாள். கையில் பெரிய கேக் பெட்டி.

"எங்கீங்க நம்ம புள்ள? இன்னிக்கு அதுக்குப் பொறந்த நாளாச்சே! இருபத்தொண்ணு!"

மயிலாளுக்குச் சிரிப்பு வந்தது. "ஆரு சொன்னாங்க அம்முணி? இவ ஆடில பொறந்தவ."

"அட, விடுதி ரெஜிஸ்டர்ல இன்னைக்குத்தானுங்களே போட்டிருக்குது! எங்க ஊட்டுக்காரரு பாத்துட்டு வந்து சொன்னாரு. நல்ல கேக்கா வாங்கீட்டுப் போ, இன்னியோட எல்லாம் நல்லபடியா முடியுதுன்னாரு. நானும் ஸ்தோத்திரம்னு சொன்னேனுங்க."

பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. கேக்கை வெட்டினார்கள், பாடினார்கள், ஜெபித்தார்கள், அன்புசெல்வி வாயில் ஆளுக்கு ஒரு துண்டு ஊட்டிவிட்டுப் போனார்கள். எல்லாம் நல்லபடியா முடியுது என்ற வார்த்தை மட்டும் மயிலாளின் காதிலேயே நின்றது. என்ன முடிகிறது? யாருக்கு நல்லபடியாக?

அன்புசெல்வி வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பள்ளிக்கூடத்துத் தேதிம்மா. ஒண்ணாவது சேக்கறப்ப வாத்தியாரு போட்டது."

மயிலாளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது பிள்ளைக்கு வயது பற்றவில்லை. தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். தொட்டுவிட்டது. அப்புறமென்ன என்று அவரே ஏப்ரலில் ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொண்டார். அந்த ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அவர் போட்ட தேதிதான். அதை யாரும் பிறந்த நாளாக நினைத்ததில்லை. கோர்ட்டுக்கு அது பெரிதாகும் என்று அம்மாவுக்கும் மகளுக்கும் தோன்றவே இல்லை.

"அது பொய்த் தேதி கண்ணு. பெத்தவ நான் வந்து சொல்றேன்."

"ஆதாரம் கேப்பாங்களேம்மா. அவிய கையில ரெஜிஸ்டர் இருக்குது. நம்ம கையில என்ன இருக்குது?"

அந்த நாற்காலி, அந்தக் காற்றாடி, பீடத்தின் முன்னால் வாங்கிய வாக்கு எல்லாம் எதற்கு என்று மயிலாளுக்கு இப்போது விளங்கியது. தன் பக்தியையே கயிறாகத் திரித்துத் தன் பிள்ளையின் கழுத்தில் போட்டுவிட்டார்கள். செருப்பைக்கூடத் தேடாமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

முக்குக் கடையில் காயின் போனில் வக்கீலம்மாவைப் பிடித்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவள் குரல் உயர்ந்தது. "கோர்ட்டு அந்த ரெஜிஸ்டர் தேதியத்தான் நம்பும். அதுப்படி இன்னிக்குத்தான் கடைசி. கோர்ட்டு மூடறதுக்குள்ள கையெழுத்துப் போட்டாகோணும், ஆட்டோ புடிச்சு வாங்க," என்று போனை வைத்துவிட்டாள்.

ஆட்டோ கிடைக்கவில்லை. படி நிறையச் சனத்தோடு ஒரு டவுன் பஸ் நிற்காமல் போனது. வெயில் கொளுத்தியது. அப்போது பிரபாகரின் கார் வந்து பக்கத்தில் நின்றது. கண்ணாடியை இறக்கிவிட்டுச் சிரித்தார். வீட்டுக்குப் போன மனைவி நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும்.

"எங்கீங்க மயிலக்கா, இந்த வெயில்ல? ஏறுங்க, நான் கொண்டுபோய் உடறேன்."

பின்கதவு திறந்தது. உள்ளே ஏசி குளிர் வெளியே வந்து காலில் பட்டது. அன்புசெல்வியின் நகம் அம்மாவின் கையில் பதிந்தது. ஏறினால் இந்தக் கார் எங்கே போய் நிற்கும், எத்தனை மணிக்குப் போய் நிற்கும் என்று மயிலாளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"வேண்டாமுங்க."

"பீடத்துக்கு முன்னால வாக்குக் குடுத்தீங்களே அக்கா. நீங்க வாக்குத் தவற மாட்டீங்கன்னு ஊரே சொல்லுது."

"குடுத்தேனுங்க. இப்ப மீறப் போறேன். அதுக்குண்டான தண்டனைய ஆண்டவர் எனக்குக் குடுக்கட்டும். எம் புள்ளைக்கு நீங்க குடுத்தது போதும்."

பிரபாகரின் சிரிப்பு அப்படியே இருந்தது. "அப்ப நாளைக்கு வேலைக்கு வர மாட்டீங்க போலிருக்குதுங்க," என்றார் மரியாதையாக. மயிலாள் எதிரே வந்த சரக்கு வேனை நடுரோட்டில் மறித்து நின்றாள். துணி மூட்டைகளுக்கு மேல் மகளை ஏற்றித் தானும் ஏறினாள். நொய்யல் பாலத்தில் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. பின்னால் திரும்பிப் பார்த்தபோது அந்தக் கார் அவர்களுக்கு நாலு வண்டி தள்ளி வந்துகொண்டிருந்தது.

கோர்ட்டு வாசலில் சாரதாமணி கறுப்பு அங்கியோடு வெயிலிலேயே நின்றிருந்தாள். ஏழை வழக்கு மனு, வழக்குரை, தடை மனு என்று வரிசையாக நீட்டினாள். ஒவ்வொரு தாளிலும் அன்புசெல்வி முழுப் பெயரை எழுதினாள். அலுவலக ஆள் மேசையைப் பூட்ட எழுந்தவர், வக்கீலம்மா போட்ட சத்தத்தில் மறுபடி உட்கார்ந்தார். முத்திரை விழுந்தது. அன்றைய தேதி ஈரத்தோடு மினுங்கியது.

"உள்ள வந்தாச்சு," என்றாள் சாரதாமணி. "இனி அவிய வருஷக்கணக்கா இழுப்பாங்க. உங்க பொளப்புல கை வப்பாங்க. தாங்குவீங்களா?" மயிலாள் தலையாட்டினாள். வெளியே மரத்தடியில் கார் நின்றிருந்தது. அதற்குள் இருந்தவர் யாருடனோ செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்.

வேலை போனது. வேறு இரண்டு கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தாள். ஆள் வேண்டும் என்றவர்கள் பெயரைக் கேட்டதும் வேண்டாம் என்றார்கள். தெருக்குழாயில் அவள் குடத்தை வைத்தால் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அடுத்த வரிசை வீட்டுச் சென்னம்மாள், தினமும் ஒன்றாகக் கோயிலுக்கு நடக்கிறவள், அவளும் பேசவில்லை. ஆனால் குடம் நிறையும் வரை மயிலாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் விடியலில் வாசலில் செத்த காக்கை கிடந்தது. தானாக விழுந்ததா, யாராவது போட்டதா என்று மயிலாள் விசாரிக்கவில்லை. மகள் எழுவதற்குள் எடுத்துப் புதைத்தாள்.

ஈஸ்டர் அன்றைக்கு அவள் கோயிலுக்குப் போனாள். போகாதேம்மா என்று அன்புசெல்வி சொன்னாள். மயிலாள் கேட்கவில்லை. வாக்கு மீறியதற்கு ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அதைக் கமிட்டியிடம் கேட்க அவளுக்கு விருப்பமில்லை.

அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்கு முதல் வரிசை எழுந்தபோது அவளும் போய்ப் பீடத்தின் முன் முழங்காலிட்டுக் கைகளை ஏந்தினாள். உள்ளூர் ஐயர் அப்பத்தட்டோடு வந்தார். அவள் அருகில் வந்ததும் பிரபாகரைப் பார்த்தார். பிரபாகர் லேசாகத் தலையை அசைத்தார். ஐயர் அவளைத் தாண்டிப் பக்கத்தில் இருந்தவளுக்குப் போனார். கிண்ணமும் அப்படியே தாண்டிப் போனது.

வரிசை எழுந்து போயிற்று. மயிலாள் எழவில்லை. பிரபாகர் குனிந்து அவள் காதருகில் சொன்னார்: "வழக்க வாபஸ் வாங்கீட்டு வாங்க மயிலக்கா. பந்தி எங்கீங்க போயிரப் போகுது?"

"நானும் எங்கீங்க போயிரப் போறேன்?" என்றாள் அவள். ஏந்திய கையை மடக்கவில்லை.

இரண்டாம் வரிசைக்குப் பாட்டு எடுத்தார்கள். ஒருவரும் எழுந்து வரவில்லை. அவள் பக்கத்தில் முழங்காலிட யாருக்கும் துணிச்சல் இல்லை. பாட்டு முதல் சரணத்தோடு தேய்ந்து நின்றது. அவள் முதுகில் அத்தனை பேர் கண்ணும் குத்தியது.

அப்போது பின்னால் செருப்பில்லாத கால் நடந்து வரும் ஓசை கேட்டது. யாரோ அவளை ஒட்டி முழங்காலிட்டார்கள். ஓரக்கண்ணால் பார்த்தாள். சென்னம்மாள். கண்ணை மூடிக்கொண்டு, ஜெபிக்கிறவளைப் போல உதட்டை மட்டும் அசைத்துப் பேசினாள்.

"அந்த வக்கீலம்மாகிட்ட என்னையுங் கூட்டீட்டுப் போறியா அக்கா?"

மயிலாள் அவள் பக்கம் திரும்பினாள். "உம் புள்ள எங்க?"

"ஈஸ்டருக்கு ஊட்டுக்கு வந்திருக்கறா. பன்னெண்டு வயசு. இப்ப அந்தாளு இருக்கற விடுதியிலதான் படிக்கறா. நாளைக்குக் காத்தால கொண்டுபோய் உடோணும். போகமாட்டேன்னு கதவப் புடிச்சுட்டு நிக்கறாக்கா."

"உடாத," என்றாள் மயிலாள். அதைச் சத்தமாகவே சொன்னாள். கோயிலில் எல்லோருக்கும் கேட்டது.